பெயரைக் கழற்றிய படங்கள்

கலையைத் தேடி நாம் அலைய வேண்டிய காலம் போய்விட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் ஏறத்தாழ 3,75,000 படங்களை, எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதற்கு முன்பே, 2012இல், தன் சேகரிப்பை அவ்வாறு விரித்து வைத்தது. இந்தச் செல்வத்தின் மீது நமக்கு எந்தப் புகாரும் இல்லை. அதை அள்ளிப் பரிமாறும் கைகளோடுதான் நம் வழக்கு.

அந்த அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு படத்தின் அருகிலும் செய்தவர், காலம், ஊடகம், அளவு ஆகியவற்றில் தமக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதி வைத்திருக்கின்றன. ரசிகர் படத்தை மட்டும் உருவி எடுத்து, ‘அற்புதம்’ என்ற ஒற்றைச் சொல்லுடன் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் அது எவருடையதும் அல்லாத படமாகிவிடுகிறது. இதற்குக் கண்டடைதல் என்று பெயராம்.

‘படம் தானே பேசும், பெயர் எதற்கு?’ என்பார்கள். பேசுமா என்று பார்ப்போம். ஹொகுசாயின் பேரலையை அறியாதவர் அரிது. ஆனால் அது தூரிகையால் தீட்டிய தனி ஓவியம் அல்ல, 1831 வாக்கில் மரக்கட்டைகளில் செதுக்கிப் பல பிரதிகள் எடுத்த அச்சு என்பதையும், ஏறத்தாழ 25க்கு 37 சென்டிமீட்டர் அளவே உள்ள தாள் என்பதையும், அப்போது அவர் எழுபதைத் தொட்டுவிட்டார் என்பதையும், அந்த ஆழ்ந்த நீலம் ஐரோப்பாவிலிருந்து வந்த சாயம் என்பதையும் படம் சொல்வதில்லை, குறிப்பு சொல்கிறது. அறிந்தபின் பார்க்கும் அலை வேறு அலை.

இன்னொரு வாதம் நம்மவர்க்கு மிகவும் பிடித்தது: ‘நம் மரபில் கலைஞன் பெயரைத் துறந்தவன்.’ இதைவிடச் சோம்பலான பொய் கிடையாது. புறநானூற்றைத் தொகுத்தவர்கள் பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை எனப் பாட்டுக்குப் பாட்டு அடிக்குறிப்பு வைத்தார்கள். பெயர் தொலைந்துபோன புலவரையும் அநாதையாக விட மனமின்றி, அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் சூட்டியது நம் மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பெயர், பழைய ஊர், தெரு, வீடு எனக் கல்லில் வெட்டி வைத்தான். குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் அக்கோயில் கல்வெட்டில் உண்டு. செப்புத் திருமேனிகளை வார்த்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை என்பது காலம் செய்த இழப்பு. கிட்டிய பெயரை நாமே வெட்டி எறிவது இழப்பு அல்ல, குற்றம்.

குற்றம் என்பது மிகையெனத் தோன்றினால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானைப் பாருங்கள். அவ்வூர்க் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராஜரை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகப் போலி ஆவணங்கள் கூறின. அவற்றைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் அக்கோயிலிலேயே எடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து வைத்த படம் அது. ஆர்வலர்களும் இதழாளர்களும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2014இல் நடராஜர் திரும்பினார். அந்தப் படம் அழகானதா என்று எவரும் கேட்கவில்லை. அதன் கீழே இருந்த இரண்டு வரிதான் தெய்வத்தை மீட்டது. அந்த வரிகள் இல்லாமல், ‘தெய்வீகம்’ என்ற தலைப்போடு மட்டும் அது சுற்றி வந்திருந்தால் கடத்தியவனுக்கு அதைவிட நல்ல துணை ஏது?

இருப்பவர்க்கும் இதே நீதிதான். சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் பூசி, உலோகம் வார்த்து, அச்சை உடைத்து எடுக்கும் ஸ்தபதியின் ஒவ்வொரு சிலையும் தனிப்பிறவி. அதன் படம் ‘சோழர் காலச் சிலை’ என்று உலவினால் பாராட்டு ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவருக்குப் போகிறது. வார்த்த கைக்குப் பெயரும் இல்லை, அடுத்த வேலையும் இல்லை. இப்போது கணினியே ஒரு நொடியில் சிலையையும் ஓவியத்தையும் புனைந்து தருகிறது. எவரும் வார்க்காத அந்தச் சிலைக்கும் சுவாமிமலைச் சிலைக்கும் திரையில் வேறுபாடு காட்டக்கூடியது எது? குறிப்பு ஒன்றே.

உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரைகளில், எந்தச் சுவடி எவரிடமிருந்து எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதினார். அந்த நேர்மையால் வாழ்கிற தமிழ் வாசகர்கள் நாம். கவிதை வரியை ஆசிரியர் பெயரின்றி அச்சிட்டால் சிற்றிதழுக்குக் கடிதம் எழுதிச் சண்டையிடும் நாமே ஓவியத்தையும் சிற்பத்தையும் மட்டும் புறம்போக்கு நிலமாக நடத்துகிறோம்.

செய்தவர், ஊர், ஆண்டு. மூன்றும் தெரிந்தால் மூன்றையும் எழுதுவோம். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுவோம். தெரிந்தவர் எவரேனும் நிரப்புவார். அதுவும் இயலாதெனில், படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அனுப்பாமல் விடுவோம்.