முற்றத்தைத் திறக்க ஆசையா? கடப்பாரை எடுக்கும் முன் விதியைப் பாருங்க!

தாத்தா கட்டின வீடு. திண்ணையை அடைத்துக் கடை போட்டாச்சு. முற்றத்துக்கு மேலே கான்கிரீட் போட்டாச்சு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கூடத்துக்கு நடுவே ஒரு சுவரும் வந்தாச்சு. இப்போது அதையெல்லாம் எடுத்துவிட்டு, வீட்டை அது பிறந்தபடியே திருப்பிக் கொண்டுவரலாம் என்று உங்கள் குடும்பத்தில் பேச்சு அடிபடுகிறதா? நல்ல ஆசைதான். ஆனால், "நம்ம வீட்டை நாம பழையபடி மாத்துறோம், இதுக்கு எதுக்கு அனுமதி?" என்ற கேள்விக்கு, சட்டம் நீங்கள் நினைக்கிற பதிலைச் சொல்வதில்லை.

வெளியே காலியா, உள்ளே காலியா?

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவை மனதில் வைத்திருக்கும் வீடு, மனையின் நடுவே நிற்கிற வீடு. சுற்றிலும் 'செட்பேக்' விட வேண்டும். காற்றும் வெளிச்சமும் அந்தக் காலியிடத்திலிருந்து வர வேண்டும்.

அக்ரஹார வீடும் செட்டிநாட்டு வீடும் இதற்கு நேர் எதிர். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், தெருவைத் தொடுகிற திண்ணை, காலியிடம் முழுக்க உள்ளே முற்றமாக. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஆனால், விதியின் அளவுகோல் வெளியே இருக்கிற காலியிடத்தைத்தான் முதலில் அளக்கிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

பழுதுபார்ப்பதா, திரும்பக் கட்டுவதா?

ஓடு மாற்றுவது, சுவர் பூசுவது, கதவு ஜன்னல் மாற்றுவது போன்ற பழுதுபார்ப்பு வேலைகளுக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. ஆனால் வெளிச்சுவரை இடித்து மறுபடி எழுப்பினால், கதை வேறு. அது புதுக் கட்டுமானம். புது விதிகள் ஒட்டிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்கள் மனை 20 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 3 அடி விட்டாலே மிச்சம் 17 அடி. முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும் அந்த அகலத்தில் எப்படி உட்காரும்? தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்ட வழி உண்டு. உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்திலோ, நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ முதலில் கேளுங்கள். "சும்மா இடிச்சுட்டு அதே மாதிரி கட்டிடலாம் சார்" என்று மேஸ்திரி சொல்வதை நம்பி இறங்கினால், அதே மாதிரி கட்டுகிற உரிமையே போய்விடலாம்.

கோயில் பக்கத்து வீடா?

தஞ்சை பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்களுக்கு அருகே வீடு இருந்தால் இன்னொரு சட்டமும் உண்டு. 2010-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. ஆனால், 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். இங்கே ஒரு நுணுக்கம். அதே நீள அகல உயரத்தில் திரும்ப எழுப்பினாலும் அதை 'மறுகட்டுமானம்' என்று இந்தச் சட்டம் தனியாகப் பிரிக்கிறது. 'பழுதுபார்த்தல்' என்ற சலுகைக்குள் அது வராது. அதாவது, இந்தத் தெருக்களில் பழைய சுவரைக் காப்பாற்றினால்தான் பழைய வீடு மிஞ்சும்.

புதுச் சலுகை யாருக்கு?

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற காரைக்குடி வீட்டுக்கு இந்த அளவு பத்தாது.

ஆக, பழசை இடித்துச் சின்னதாகப் புதுசு கட்டுகிறவருக்கு வேலை சுலபம். காப்பாற்ற நினைக்கிறவருக்கு அலைச்சல். அதனால்தான் பலர் யாரிடமும் சொல்லாமல் வேலையை முடிக்கிறார்கள், அல்லது விற்றுவிடுகிறார்கள். பர்மா தேக்குத் தூண்கள் பழைய பொருள் கடைக்குப் போகின்றன.

மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகளில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. கட்டடங்களைத் தரம் பிரித்து, எதில் எவ்வளவு மாற்றலாம் என்று அது பேசுகிறது. ஆனால் பட்டியலில் ஏறுவது பெரும்பாலும் பெயர் பெற்ற கட்டடங்கள். சாதாரணக் குடும்பத்தின் இரண்டு கட்டு வீடு எந்தப் பட்டியலிலும் இருக்காது. 'மூல அமைப்புக்குத் திரும்புதல்' என்று ஒரு பிரிவு வைத்து, முற்றத்தின் காலியிடத்தைச் செட்பேக் கணக்கில் ஈடாக ஏற்றுக்கொண்டால், அரசுக்குப் பத்துப் பைசா செலவில்லாமல் பல தெருக்கள் பிழைக்கும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை

* எதையும் தொடும் முன் வீடு முழுவதையும் அளந்து வரைபடம் போடுங்கள். தேதியோடு போட்டோ எடுங்கள். பழைய வரி ரசீது, மூலப் பத்திரம், மின் இணைப்பு அட்டை மூன்றும் வீடு எப்போதிலிருந்து இருக்கிறது என்பதற்குச் சாட்சி.
* திண்ணை உங்கள் பட்டா எல்லைக்குள் இருக்கிறதா என்று நில அளவை வரைபடத்தில் பாருங்கள். தெருவுக்குள் நீண்டிருந்தால் ஆக்கிரமிப்புப் பிரச்னை வரும்.
* பாகச் சுவரை எடுப்பதற்கு முன் பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "அண்ணா, வாயால சொன்னா போதாதா?" என்றால், போதாது.
* பிற்பாடு கட்டிய சுவராகவே இருந்தாலும், மேலே போட்ட கான்கிரீட் இப்போது அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.
* செய்யப்போவது பழுதுபார்ப்புதான், அனுமதி தேவையில்லை என்று அதிகாரி சொன்னால், அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.