மதிப்பெண்ணுக்கு முன் வளங்களை ஒப்பிடுக

ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாவட்டங்களின் பள்ளிக் கல்வியை 600 புள்ளிகளுக்கு அளந்து தரம் பிரிக்கிறது. 2022இல் வெளியிடத் தொடங்கிய இக்குறியீட்டில் விளைவுகளுக்கு 290 புள்ளிகள். பள்ளிக் கட்டமைப்புக்கும் மாணவர்களுக்கு உரிமையானவற்றுக்கும் சேர்த்தே 51. டிஜிட்டல் கற்றலுக்குத் தனியாக 50. விளைச்சலை நெல்மணி நெல்மணியாக எண்ணும் அரசு, நீர் பாய்ந்ததா என்று பெயரளவுக்கே கேட்கிறது.

இந்த அளவுகோலின் அநீதியைக் காணக் கேரளத்தின் வயநாடு போதும். மூன்றே வட்டங்கள் கொண்ட சிறு மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 18.5 சதவீதம் பழங்குடியினர். கல்பற்றா நகரத்துப் பள்ளியும், திருநெல்லியின் காட்டோரப் பள்ளியும் ஒரே பாடத்தை நடத்தி ஒரே தேர்வுக்கு மாணவர்களை அனுப்புகின்றன. ஆனால் பணியர், அடியர், காட்டுநாயக்கர் குழந்தைகள் வீட்டில் பேசுவது பாடநூலின் மலையாளம் அல்ல. யானை நடமாடும் பாதையைக் கடந்து பள்ளிக்கு வரவேண்டும். அறுவடைக் காலத்தில் கூலி வேலைக்குப் பெற்றோர் குடகுக்குச் செல்லும்போது, பள்ளிப் படிப்பு இடையில் அறுபடுகிறது. இத்தகைய இரு பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தை அருகருகே வைத்து, ஒன்றைச் சிறந்தது என்றும் மற்றதைப் பின்தங்கியது என்றும் முத்திரை குத்துவது ஒப்பீடே அல்ல.

வளம் சென்றால் நிலைமை மாறும். 2017இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, பழங்குடிச் சமூகங்களிலிருந்தே 241 வழிகாட்டி ஆசிரியர்களை வயநாட்டின் தொடக்கப் பள்ளிகளில் நியமித்தது. குழந்தையின் மொழி வகுப்பறைக்குள் நுழைந்தது. 2024 ஜூலை 30 நிலச்சரிவில் வெள்ளார்மலை அரசுப் பள்ளி சிதைந்தது. வகுப்புகள் மேப்பாடிக்கு மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு எஸ்எஸ்எல்சி தேர்வில் அப்பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஆசிரியர்களும் அரசும் மக்களும் ஒருசேரத் துணைநின்றதன் பலன் அது.

ஒன்றிய அரசோ நேர்மாறான பாதையில் செல்கிறது. பிஎம் ஸ்ரீ திட்டத்தில் ஒரு வட்டாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு பள்ளிகள்; அவையும் போட்டி முறையில் தேர்வாகின்றன. ஏற்கெனவே ஓரளவு வசதி பெற்ற பள்ளியே போட்டியில் வெல்லும். மற்றவை காட்சிப் பள்ளியின் நிழலில் காத்திருக்க வேண்டியதுதான். அருகமைப் பள்ளிகளைக் கொண்ட பொதுப் பள்ளி முறையை 1966லேயே பரிந்துரைத்தது கோத்தாரி ஆணையம். கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்ற அதன் இலக்கு இன்றும் எட்டப்படவில்லை.

ஒப்பீட்டை நாம் மறுக்கவில்லை. அதன் வரிசையை மாற்றக் கோருகிறோம். தோழர்கள் தத்தம் பகுதிப் பள்ளிகளில் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள், குழந்தைகள் கடக்கும் தொலைவு, அவர்களின் வீட்டுமொழி, இடைநின்றோர் எண்ணிக்கை ஆகியவற்றைத் திரட்டி மக்கள் முன் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எந்தப் பள்ளிக்குக் குறைவு அதிகமோ, அதற்கே முதல் நிதி என்பது நமது கோரிக்கையாகட்டும்.