கலங்கரை விளக்கம் யார் கண்டது?

வேலம்பாளையத்தில் பின்னி, வெட்டி, தைத்து அடுக்கப்படும் ஆடைகள் சரக்குந்தேறித் தூத்துக்குடி அடைந்து, அங்கிருந்து கப்பலில் மேலை நாடுகளுக்குப் போகின்றன. இரவில் அக் கப்பலுக்குக் கரை இருக்குமிடம் காட்டுவது கலங்கரை விளக்கம். ஆக, கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள கொங்கு நாட்டானின் உலையும் அவ் விளக்கை நம்பியே கொதிக்கிறது. இஃது இன்று நேற்று வந்த உறவன்று. காங்கயத்தையடுத்த படியூரில் அகழ்ந்தெடுத்த பச்சைக் கற்களும், நொய்யற்கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே கடல்கடந்து சென்றன. பதிற்றுப்பத்து கொடுமணம் எனப் போற்றும் ஊர் அதுவே.

ஆயினும் இன்று அதே வேலம்பாளையத்துத் தெருவில் ஒருவரை நிறுத்திக் கலங்கரை விளக்கம் யாதெனக் கேட்டால் விழிப்பார். 'லைட்டவுசு' என்றால் உடனே தலையாட்டுவார். சென்னையில் பறக்கும் தொடர்வண்டி நிலையத்தின் பலகையில் கலங்கரை விளக்கம் என்றுதான் எழுதியிருக்கிறது. அப் பலகையின் கீழ் நின்றுகொண்டே, 'லைட்டவுசு வந்துவிட்டேன்' என்று கைப்பேசியில் கூவுகிறான் தமிழன்!

கற்றோர் சிலர் தவறுவது வேறு வகை. கரையிலே நிற்பதால் அது கலங்கரை விளக்கம் என்பது அவர்தம் விளக்கம். கரைதல் என்பது அழைத்தல். காக்கை கரைகிறது என்று சொல்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது வழியறியாது அலையும் கலங்களை 'இங்கே வா' என அழைக்கும் விளக்கம் என்பதே பொருள். ஆங்கிலச் சொல்லில் விளக்கும் வீடும் உண்டு, அழைப்பு இல்லை. ஓர் ஒளியைக் குரலாகக் கண்ட இனம் எது என்பதை அச் சொல்லே காட்டும்.

சொல் இருந்தது, பொருள் இல்லை என்பாரும் உளர். அவர்கள் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்க்கட்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறையைக் காட்டுமிடத்தில், வானை முட்டும் மாடத்தையும், ஏறுதற்கரிய அதன் உச்சிக்குச் சார்த்திய ஏணியையும், இரவில் அங்கே எரியும் தீயையும், அது கண்டு துறை நோக்கி வரும் கலங்களையும் கூறுகிறார். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையோ புகார்க் கடற்கரையின் இரவை விளக்கு விளக்காக எண்ணிக் காட்டுகிறது. சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்பார் விளக்கு, அப்பம் சுடுவார் விளக்கு, மீன் விற்பார் விளக்கு, வேற்றுமொழியாளர் விடிய விடிய ஏற்றிய விளக்கு, பண்டங்களைக் காப்போர் விளக்கு எனச் செல்லும் அவ் வரிசையின் நடுவே கலங்கரை விளக்கம் பெயரோடு நிற்கிறது. அப்பக் கடையின் அகலோடு சேர்த்து எண்ணும் அளவுக்கு அஃது அன்றாடப் பொருளாயிருந்தது என்பதே இதில் கருதத்தக்கது.

இவ்வளவும் இருக்க, சென்னையின் விளக்க வரலாற்றைச் சொல்வோர் 1796இல் கோட்டைக்குள் தேங்காயெண்ணெய் விளக்கேற்றிய ஆங்கிலரிடமிருந்தே தொடங்குகின்றனர். பின்னர் 1844இல் கிரேக்க முறைத் தூண், 1894இல் உயர்முறைமன்றத்துக் கோபுரம், 1977இல் கடற்கரையில் இன்றுள்ள கட்டடம் என்று அடுக்குகின்றனர். அவ் வரலாறு பொய்யன்று, தலையற்றது. மாமல்லபுரத்தில் 1904ஆம் ஆண்டு விளக்கத்திற்கு முன்பு ஆங்கிலர் விளக்கேற்றிய இடம் எது? இராசசிம்ம பல்லவன் எழுப்பிய ஓலக்கண்ணீசுவரர் கோயிலின் மேற்றளம்! நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரமே எனக் கருதும் அறிஞரும் உளர்.

இனித் தஞ்சைக் கடற்கரைக்கு வருவோம். மல்லிப்பட்டினத்தருகே மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலர் வென்ற மகிழ்ச்சியில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1814-15இல் எழுப்பிய எட்டு நிலைக் கட்டடம் அது. கப்பல்களுக்கு விளக்கமாகவும் பயன்பட்டது. யாரோ யாரையோ எங்கோ வென்றதற்குத் தமிழ்மண்ணில் கோபுரம்! அதற்குத் தெற்கேயும் வடக்கேயும் இருந்து சுற்றுலாவினர் வருகின்றனர். கிழக்கே கோடியக்கரையில் சோழர் காலத்தது என வழங்கிவந்த செங்கல் விளக்கத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலையில் வீழ்ந்தது. 'பொன்னியின் செல்வன்' படித்து அக் கோடியக்கரை விளக்கத்தைக் கதையில் கண்டு மகிழ்ந்தோர் எத்தனை பேர்! மணலில் கிடக்கும் செங்கல்லைக் கண்டோர் எத்தனை பேர்?

இவ் விளக்கங்களின் ஆட்சி எவர் கையில்? அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 26ஆம் பதிவில் அடங்கிவிட்டது. ஆங்கிலரின் 1927ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2021இல் புதுச்சட்டம் வந்தும் பிடி தளரவில்லை. தலைமையகமோ அலையோசையே கேளாத நொய்டாவில், 'தீப் பவன்' என்னும் பெயரில்!

விளக்கெரிப்பது மாலுமிகளின் உயிர்காக்கும் பொதுப்பணி, அதில் தமிழென்ன இந்தியென்ன என வினவுவர். எரிக்கட்டும், அணைக்கச் சொன்னவர் எவருமிலர். ஆனால் கோடியக்கரைக் காடு தமிழ்நாட்டு வனத்துறையின் பொறுப்பிலுள்ளது. தொல்லியல் துறையும் தமிழ்நாட்டரசிடம் உண்டு. பாடநூல்களை எழுதுவதும் இங்கேதான். அச் செங்கல் அடித்தளத்தை அகழ்ந்து காலம் கண்டு காக்கவும், பெரும்பாணாற்றுப்படை காட்டும் மாடத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் படத்தோடு கற்பிக்கவும் தில்லியின் ஒப்புதல் எதற்கு?