விழுந்து எழும்பப் பழகட்டும்

பனி கொட்டி ஓய்ந்த ஒரு சனிக்கிழமை காலை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வீடு. வெளிப் படிக்கட்டின் அடியில் குவிந்து கிடக்கும் பனியை யன்னல் கண்ணாடிக்குள்ளால் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறது. "வெளியில் போகட்டா?" என்று கேட்கிறது. "சறுக்கி விழுவாய்" என்கிறார் அம்மா. "சளி பிடிக்கும்" என்கிறார் அப்பா. அம்மம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. எட்டு வயதில் தாம் யாழ்ப்பாணத்து மாமரத்தில் எந்தக் கிளை மட்டும் ஏறினார் என்பது அவருக்குத்தான் தெரியும். இது யார் வீட்டுக் கதை என்று தேட வேண்டியதில்லை. நம்மவர் பல வீடுகளின் கதை இதுதான்.

பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தடை போடுவது நாம் மட்டுமல்ல. நம் முருகன் கோயில் அமைந்திருக்கும் டொலார்-டே-ஓர்மோ நகரிலேயே, 2010ஆம் ஆண்டில், வீதியில் பிள்ளையோடு ஹொக்கி விளையாடிய ஒரு தகப்பனாருக்கு 75 டொலர் அபராதச் சீட்டு எழுதப்பட்டது. வீதியில் விளையாடுவதைக் கியூபெக்கின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் அப்போது தடை செய்திருந்தது. ஹொக்கியையே உயிராக எண்ணும் நாட்டில் இப்படியும் நடக்குமா என்று பத்திரிகைகள் வியந்து எழுதின.

ரொறன்ரோவிலும் இதே கதைதான். 2011இல் பந்து தலையில் பட்டு ஒரு பெற்றோர் காயமடைந்ததும், அங்குள்ள ஒரு பாடசாலை கடினமான பந்துகள் யாவற்றையும் தடை செய்தது. 2024 ஜனவரியில் அந்நகரம் 45 மேடுகளில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று பலகை நாட்டியது. இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது பெரும்பாலும் வழக்குப் பயம். பனிச்சறுக்கில் காயப்பட்ட ஒருவருக்கு ஹமில்ரன் நகரம் பல இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்க நேர்ந்ததை மற்ற நகரங்கள் மறக்கவில்லை.

ஆனால் காற்று இப்போது திசை மாறி வீசுகிறது. மொன்றியலுக்கு அருகேயுள்ள பெலோய் நகரம் 2016இல் சில வீதிகளைப் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டது. அதே ஆண்டு ரொறன்ரோ நகரசபையும் வீதி ஹொக்கித் தடையைத் தளர்த்தியது. 2018இல் கியூபெக் தன் சட்டத்தைத் திருத்தி, விரும்பும் நகரசபைகள் தங்கள் வீதிகளில் விளையாட இடமளிக்கலாம் என்றது. 2024 ஜனவரியில் கனடியக் குழந்தை மருத்துவர் சங்கமே ஓர் அறிக்கை வெளியிட்டது. உயரத்தில் ஏறுதல், வேகமாக ஓடுதல், மல்லுக்கட்டுதல் போன்ற சற்றுத் துணிச்சலான வெளி விளையாட்டு பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்றும், தன்னம்பிக்கையையும் ஆபத்தை அளந்து நடக்கும் திறனையும் வளர்க்கும் என்றும் அது கூறுகிறது. காயத்துக்கு மருந்து போடுகிறவர்களே இப்படிச் சொல்லும்போது நாமும் செவிசாய்க்க வேண்டாமா?

இந்தச் சிந்தனை மொன்றியலுக்குப் புதிதுமன்று. 1967இல் இங்கு நடந்த எக்ஸ்போ கண்காட்சியில், கனடிய அரசின் மண்டபத்தோடு சேர்த்து ஒரு சிறுவர் விளையாட்டுத் திடல் அமைக்கப்பட்டது. அமைத்தவர் கொர்னீலியா ஹான் ஒபர்லாண்டர் என்ற அம்மையார். மண்மேடுகள், மணல், ஒரு சிறு கால்வாய், அதில் ஒரு படகு, ஏறுவதற்கு மரவீடு. பிள்ளை தானே கண்டுபிடித்து விளையாடட்டும் என்பது அவர் எண்ணம். ஊரில் ஒரு குளக்கரையும் நாலு மரமும் நமக்குத் தந்ததை அவர் திட்டம் போட்டு இங்கே கட்டினார் எனலாம்.

அப்படியானால் விதிகளே வேண்டாமா? அப்படிச் சொல்வது பெரும் பிழை. ரொறன்ரோப் பாடசாலைகளில் பழுதான விளையாட்டுச் சாதனங்களை அகற்றிப் புதிய தரத்துக்கு ஏற்றவற்றை வைத்தபின் காயங்கள் குறைந்ததை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குழந்தை மருத்துவர்களும் இரண்டைப் பிரித்தே பேசுகிறார்கள். பிள்ளை தன் கண்ணால் கண்டு, "இந்தக் கிளை என்னைத் தாங்குமா?" என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யக்கூடிய ஆபத்து ஒன்று. அதன் கண்ணுக்கும் அறிவுக்கும் எட்டாத ஆபத்து மற்றொன்று. முதலாவது ஆபத்தில் பிள்ளை பாடம் படிக்கிறது. இரண்டாவதிலிருந்து காப்பது பெரியவர் கடமை.

சறுக்கில் இறங்கும்போது கழுத்துச் சால்வையோ மேலங்கியின் நாடாவோ சிக்கி இழுத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்கு அது தெரியாது. ஆகவே சால்வைக்குப் பதில் கழுத்துறை போட்டு அனுப்புவது நன்று. வீதியோரப் பனிக்குவியலில் குகை தோண்டி உள்ளே இருக்கும் பிள்ளை பனி அள்ளும் வண்டிக்காரரின் கண்ணில் படாது. அங்கே "கூடாது" என்ற சொல் உறுதியாக ஒலிக்க வேண்டும். ஆனால் பூங்காவில் பனிமேட்டில் ஏறுவதற்கும், பந்தை உதைப்பதற்கும், மழைத்தண்ணீரில் குதிப்பதற்கும் அதே "கூடாது" எதற்கு? எல்லாவற்றுக்கும் அதைச் சொன்னால், சொல்ல வேண்டிய இடத்தில் அதற்கு மதிப்பில்லாமற் போய்விடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பாதுகாப்புக்கும் பொருந்தும்.

நம்மவர் அச்சத்துக்குத் தனிக் காரணங்களும் உண்டு. ஷெல் விழுந்த நாட்களில் "வெளியில் போகாதே" என்ற சொல் எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காத்தது. அந்தச் சொல் நம்மோடு விமானம் ஏறி இங்கும் வந்துவிட்டது. பாஷை தெரியாத ஊரில் பிள்ளை கையை முறித்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது, பாடசாலையில் என்ன கேட்பார்கள் என்ற கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே உயிரைக் காத்த சொல், இங்கே பிள்ளையை யன்னலோடும் தொலைக்காட்சியோடும் கட்டிப் போடுகிறதே, அதை எண்ணிப் பார்க்க வேண்டும். நகரசபை தன் விதியைத் தளர்த்திய பின்னும் நம் வீட்டு விதி இறுகியே இருந்தால் பயனென்ன?

செய்யக்கூடியவை சிலவே. வீட்டின் பின்னால் உள்ள ஒழுங்கையில் அயல் பிள்ளைகளோடு விளையாட விடலாம். முதல் சில நாட்கள் ஒரு பெரியவர் தள்ளி நின்று பார்த்தாற் போதும். "கவனம், கவனம்" என்று ஓயாமல் கூவுவதை விட்டு, "அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்கலாம். கிளித்தட்டுக்கு ஒரு சோக்கட்டியும் கொஞ்சம் நிலமும் போதும். கோடைகாலத்தில் ஞாயிறு பூசை முடிந்தபின், பெரியவர்கள் கதைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில், நம் தாத்தாமாரும் பாட்டிமாரும் கோடு கீறிக் கொடுத்தால், தமிழ் வகுப்பில் படியாத எத்தனையோ சொற்களைப் பிள்ளைகள் ஓடியோடியே படித்துவிடுவார்கள்.

முழங்காற் சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிடும். விழப் பயந்தே வளர்ந்த மனம் ஆற எத்தனை நாள் செல்லும் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த சனிக்கிழமை பிள்ளை மறுபடியும் யன்னலடியில் வந்து நின்றால், அம்மம்மா எழுந்து அதன் கையுறையை இழுத்து மாட்டிவிடட்டும். தம் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு கூடவே இறங்கட்டும்.