பாம்புக் கடியும் பச்சிலையும்

சளிக்குச் சுக்குக் கஷாயமும் வயிற்று மந்தத்துக்கு ஓமமும் நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருபவை. அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால், பாம்புக் கடிக்கும் பச்சிலைச் சாறு போதும், ஆஸ்பத்திரி வேண்டா என்று கிராமந்தோறும் உலவும் பேச்சை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டிருப்பர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

“பச்சிலை கொடுத்தார்கள், கடிபட்டவர் பிழைத்தார்” என்று சாட்சி கூறுவோர் உண்டு. அவர்கள் பொய்யர் அல்லர். ஆயினும், நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை மனிதரைக் கொல்லும் விஷம் இல்லாதவை. விஷப் பாம்பும் சில வேளை விஷத்தைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அத்தகைய கடிக்கு எதைக் கொடுத்தாலும், எதையும் கொடாவிட்டாலும், மனிதர் பிழைப்பர். புகழ் மட்டும் பச்சிலையைச் சேரும். மாண்டவரைக் குறித்தோ, “விதி முடிந்தது” என்று சொல்லிவிடுகிறோம். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்ட கணக்கை எந்தச் சங்கத்தின் தணிக்கையாளர் ஒப்புவார்?

கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ அதிகம் இராது. கசப்பு இலையை மென்று பார்த்து, “விஷம் ஏறவில்லை” என்று மீண்டும் படுத்துவிட்டால், விடிவதற்குள் இமை சரிந்து, நாக் குழறி, மூச்சும் அடங்கிவிடலாம். பச்சிலை தேடி அலையும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு நஷ்டமே.

இதற்கு உற்ற மருந்து, குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷமேற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் விஷமுறிவு மருந்தே. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்தளிப்பதும் ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பதில் நமக்குப் பெருமை உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பெற்றது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் அச்சங்கத்தார் எடுத்து அளிப்பவர்கள்.

ஆகவே, கடிபட்டவரை நடக்கவிடலாகாது. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, 108க்கு அறிவித்து, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் கூடவே கூடா.

அருகில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதை ஒவ்வொரு சங்கமும் இன்றே விசாரித்தறிந்து, காரியாலயச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினரின் பொருளைக் காக்கும் சங்கம் அவர்தம் உயிரையும் காக்கட்டும்.