பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: டில்லித் தமிழருக்குத் துணை யார்?

குழந்தை பெற்றவள் காரணமின்றி அழுதால் பலவீனம் என்கிறோம். குழந்தையைத் தூக்க மறுத்தால் திமிர் என்கிறோம். இரண்டும் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும்.

வேலூர் அருகே கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. 100-க்கு 11 பேர் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானார்கள். அது கண்ட காரணங்கள் கவனிக்கத்தக்கவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனத்தாங்கல், கைவேலைக்கு ஆள் இல்லாமை. நாடு தழுவிய ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தபோது 100-க்கு 22 என்று தெரிந்தது.

கடைசிக் காரணம் டில்லியில் நம்மவர்க்கு அன்றாட நிலைமை. பிரசவத்துக்கு ஊருக்குப் போக எல்லோராலும் முடிவதில்லை. தாயார் வந்தாலும் ஒற்றை அறையில் எத்தனை நாள் தங்குவார்? அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்களே தாய்வீடாக இருந்தார்கள். ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ல் இடிக்கப்பட்டபோது அந்தத் துணையும் சிதறிற்று. சிலருக்கு நகரின் வடகோடியான நரேலாவில் வீடு கிடைத்தது. மற்றவர்கள் வாடகை வீடு தேடிப் பிரிந்தார்கள்.

மத்திய அரசு ஊழியருக்கு, ரயில்வே உட்பட, முதல் இரு குழந்தைகளுக்குத் தந்தை விடுப்பு 15 நாள் உண்டு. தினக்கூலிக்கு ஒரு நாளும் இல்லை.

என்ன செய்யலாம்?

பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அதற்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தூக்கமே இன்றிப் பிதற்றினால், இல்லாத குரல் கேட்டால், தன்னையோ குழந்தையையோ அழிக்கப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தனியே விடக்கூடாது. எய்ம்ஸ், சப்தர்ஜங், தில்ஷாத் கார்டனில் உள்ள இப்ஹாஸ் ஆகியவற்றில் மனநலப் பிரிவு உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்ற மருந்துகள் உள்ளன.

மருந்தோடு குழந்தையையும் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் குழந்தைக்கு ஆபத்து நீங்கும் என்றால்தான் விலக்கு.

மொழி பெரிய தடை. காய்கறி வாங்கும் இந்தியில் மனத்தைச் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, இரவும் பகலும் இயங்குகிறது. அதன் மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் வேண்டும் என்று கேளுங்கள்.

கர்ப்பிணியின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறிக்கும் ஆஸ்பத்திரிகள் மனநிலையையும் கேட்க வேண்டும். அதற்கான எடின்பரோ பத்துக் கேள்விகள் தமிழிலும் பரிசோதிக்கப்பட்டுத் தயாராக உள்ளன. கேட்கும் இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். உடன் சென்று மொழிபெயர்க்கக்கூடிய பெண்களின் பட்டியலைத் தலைநகரின் தமிழ் அமைப்புகள் தயாரித்தால், அது பெரிய செலவில்லாத பேருதவியாகும்.