அடுப்படிச் சுவருக்கு எதற்கு மேட்சிங் பிளவுஸ்?

சென்ற இதழில் சமையலறை டைல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கபோர்டு, மேடைக் கல், அடுப்புக்குப் பின்னாலுள்ள டேடோ டைல் மூன்றும் ஒரே நிறச் சாயலில் அமைய வேண்டுமாம். முதலில் கபோர்டுக்கு மைக்கா நிறம் பார்க்க வேண்டும், அதற்கேற்ற கல் அடுத்து, இரண்டோடும் ஒத்துப்போகும் ஒரு அங்குல மொசைக் கடைசியில். இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் சுவர் ஒரே தகடாகத் தெரியும் என்கிறார் கட்டுரையாளர். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுப்பதைப் போல என்று உவமையும் அவரே தருகிறார். இத்தனை நீளக் கட்டுரையில் எண்ணெய் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. மஞ்சள் வருகிறது, நிறத்தின் பெயராக மட்டும்.

உவமையிலிருந்தே தொடங்கலாம். பிளவுஸ் பொருந்தவில்லையென்றால் வேறொன்று தைத்துக்கொள்ளலாம். டைல் பிடிக்கவில்லையென்றால் உளி வைத்து உடைக்க வேண்டும். அதோடு பூச்சும் பெயர்ந்து வரும், மிக்ஸி பிளக் இருக்கும் சுவிட்ச் பெட்டி ஆட்டம் காணும், பத்து நாளைக்கு வீடு முழுக்கத் தூசி. இந்த மூன்றில் எதற்கு ஆயுள் அதிகம் என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. கறுப்பு கிரானைட் மேடை ஒரு தலைமுறைக்கு அசையாது. ஒழுங்காக ஒட்டிய டைலும் அப்படித்தான். முதலில் படுப்பது கபோர்டு. சிங்க்குக்குக் கீழே பிளைவுட் ஊதும், ஓரத்தில் ஒட்டிய பட்டை உரியும், கீல் தளர்ந்து கதவு தொங்கும். முதலில் கழற்றி எறியப்போகிற பொருளுக்கு ஏற்றபடி கடைசிவரை நிற்கப்போகிற கல்லையும் டைலையும் தேர்ந்தெடு என்று ஒருவர் சொல்கிறார், அதை நிபுணத்துவம் என்று அச்சிட்டும் விடுகிறோம்.

அடுத்து அந்த ‘ஒரே சாயல்’. மைக்காவின் நிறம் காகிதத்தில் அச்சடித்தது. கல்லின் நிறம் பூமிக்குள்ளிருந்து வந்தது. டைலின் நிறம் குஜராத்தின் மோர்பியிலோ வேறெங்கோ ஒரு சூளையில் வெந்து வந்தது. இவை அச்சுப் பிசகாமல் ஒத்துப்போவது பிராப்தம். கிட்டத்தட்டத்தான் ஒத்துப்போகும், கிட்டத்தட்ட என்பதுதான் ஆபத்து. தூய வெள்ளைக் கதவுக்குப் பக்கத்தில் ஐவரி டைலை வைத்துப் பாருங்கள். டைல் கழுவாமல் விட்டதுபோலத் தெரியும். அதே ஐவரி கறுப்புக் கல்லுக்கு மேலே, தேக்கு நிறக் கதவுக்குக் கீழே கம்பீரமாக நிற்கும். வேறுபாடு தெளிவாக இருந்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். அரைகுறை ஒற்றுமையைத்தான் குறை என்று பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பொருத்தத்தைக் கடையிலேயே, மேசைமேல் துண்டுகளைப் பரப்பிப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார். பல ஷோரூம்களில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். அவரே சிபாரிசு செய்யும் கபோர்டு அடி விளக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். கடையில் சாம்பலாகத் தெரிந்தது வீட்டில் பழுப்பாக மாறும். போதாக்குறைக்கு, மேசையில் படுத்திருக்கும் டைல் வேறு, சுவரில் நிற்கும் டைல் வேறு. ஒரு மாதிரி டைலை வாங்கி வந்து அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்து, காலையில் ஒருமுறையும் இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறையும் பார்க்கச் சொல்ல இரண்டு வரி போதும். மாதுளை நிறக் குஷன்களுக்கு ஒரு பத்தியே கிடைத்திருக்கிறது.

இனி மொசைக். கட்டுரையின் மகுடமே இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு சதுர அடியில் ஒரு அங்குலத் துண்டுகள் 144. அவற்றுக்கு இடையிலுள்ள இடுக்குகளை நீட்டி அளந்தால் 24 அடி. ஒன்றுக்கு இரண்டு அடி டைலில் அதே சதுர அடிக்கு ஒன்றரை அடி இடுக்குதான். மேடை நீளம் பத்தடி, மேல் கபோர்டு வரை உயரம் இரண்டடி என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் 30 அடி இடுக்கு, மறுபக்கம் 480 அடி. கடுகு வெடிக்கும் சுவரில் 480 அடி வெள்ளைச் சிமெண்ட்! அதைத் தேய்க்கப்போவது யார் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. எழுதியவர் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

சிமெண்ட் இடுக்கு எண்ணெயைக் குடிக்கும், எண்ணெயோடு மஞ்சளும் உள்ளே போகும். ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும், மஞ்சளில் சுண்ணாம்பின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பும் காரம்தான். சாம்பார் தெறித்த இடுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை செங்கறையாகும். எபாக்சி கிரௌட் என்று ஒன்று இருக்கிறது. விலை கூடுதல், இறுகுவதற்குள் மேலே படிந்ததைத் துடைத்தெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் கறை பிடிக்காது. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் வெள்ளை டைலையும் சாட்சிக்கு அழைக்கிறார். 1904இல் அந்த ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையச் சுவர்களில் பளபளப்பான வெள்ளை டைல் வந்தது, பூமிக்கடியில் வெளிச்சம் கூட்டவும் துடைத்தால் அழுக்குப் போகவும். எந்தக் கபோர்டோடும் அது மேட்ச் ஆக வேண்டியிருக்கவில்லை. அவருடைய சாட்சி என் கட்சிக்காரர்.

பணம் இருப்பவர்கள் மேடையில் போட்ட மார்பிளையே சுவரிலும் ஏற்றிவிடலாம் என்பது அவருடைய ‘பிரீமியம்’ யோசனை. மார்பிள் சுண்ணக் கல். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடத்தில் பாலிஷ் அரித்துப்போகும். அது கறையில்லை, துடைத்து எடுப்பதற்கு. கல்லின் மேல்தோலே போய்விடுகிறது. தினமும் ரசம் வைக்கும் வீட்டுக்கு இதைச் சொல்கிறவர் ஒன்று சமைப்பதில்லை, அல்லது சமைக்கும் இடத்துக்குப் போவதில்லை.

பழக்கூடையும் காப்பிக் கோப்பையும் அச்சடித்த பழைய டைல்களை ‘ரசனைக் கேடு’ என்று ஒரு வரியில் தள்ளுகிறார். எனக்கும் அந்தத் திராட்சைக் கொத்தின்மேல் பெரிய காதல் கிடையாது. ஆனால் அதை ஒட்டிய வீடுகளில் இரவு பாத்திரம் ஒதுக்கியபின் ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் சுவர் பளிச்சென்றாகும். அந்த வசதி தெரிந்துதான் வாங்கினார்கள். அவர்களுக்கு ரசனை வகுப்பு எடுக்கும் முன், தன்னுடைய மொசைக்கை ஆறு மாதத் தாளிப்புக்குப் பிறகு படமெடுத்து அவர் அச்சிடலாம்.

நிறம் முக்கியமே இல்லை என்று நான் வாதாடவில்லை. மாறாத கல்லைப் பார்த்து டைலை எடுங்கள். கபோர்டு பிறகு வரட்டும், மைக்காவில் இல்லாத நிறமா? டைல் வழவழப்பாகவும் கூடியவரை பெரிதாகவும் இருக்கட்டும், இடுக்கு டைலைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கட்டும். வாங்கும்போது எல்லாப் பெட்டிகளிலும் ஒரே ஷேடு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து லாஃப்டில் போட்டு வையுங்கள். நாளைக்கு சிம்னிக்குத் துளை போடும்போது ஒரு டைல் விரிந்தால், அதே ஷேடு கடையில் கிடைக்காது. லாஃப்ட் சமையலறையின் அழகைக் கெடுக்கிறது, இடித்துவிடுங்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு இடித்தவர்கள் அந்தப் பெட்டியை அவர் வீட்டிலேயே கொண்டுபோய் வைக்கலாம்.